எல்லாம் என் கை வழியா வரட்டும்

செல்விக்கும் பிரபுவுக்கும்,

போன ஞாயிற்றுக்கிழமை விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு பெரியவர் என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினார். நான் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டு உங்களைத் திண்டிவனம் பஸ்ஸில் ஏற்றினேன். "யாருப்பா அது, தெரிஞ்சவர் மாதிரி கை காட்டினாரே" என்று செல்வி கேட்டாள். தெரியாது என்றேன். அது பொய். வாயால் சொன்னால் ஆத்திரத்தில் எதையாவது கூட்டிச் சொல்லிவிடுவேன். அதனால் எழுதுகிறேன். பத்தாவதும் ஐ.டி.ஐ.யும் படித்தவன் எழுத்து இது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் பெயரை எழுத மாட்டேன். என் கையால் அந்தப் பெயரை எழுத எனக்கு இஷ்டமில்லை. ஆபீஸில் எல்லோரும் அவரை சிஸ்டம் சார் என்றுதான் கூப்பிட்டோம்.

அது மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விதை விற்கிற கம்பெனி. விழுப்புரத்தில் ஆபீஸ், திண்டிவனத்தில் குடோன், சென்னையில் தலைமை ஆபீஸ். இப்போது அந்தக் கம்பெனியே இல்லை. நான் அங்கே தினக்கூலி ஒயர்மேன். ஐந்து கம்ப்யூட்டர் வந்து இறங்கியபோது ஒயர் இழுத்தது நான். ஒரு கம்ப்யூட்டரிலிருந்து அடுத்ததற்கு, அதிலிருந்து அதற்கு அடுத்ததற்கு என்று ஒரே கறுப்பு ஒயரைத் தொடுத்துக்கொண்டு போகவேண்டும். கடைசிக் கம்ப்யூட்டரில் ஒயர் முடிகிற இடத்தில் சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு உலோக மூடியை முறுக்கவேண்டும். அந்த மூடி இல்லாவிட்டால் ஐந்து கம்ப்யூட்டரும் ஒன்றோடு ஒன்று பேசாது, அவ்வளவுதான்.

சிஸ்டம் சார் தினமும் சாயந்திரம் அந்த மூடியைக் கழற்றி, தன் மூக்குக் கண்ணாடிக் கூட்டில் போட்டு வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார். காலையில் அவர் வந்து முறுக்கினால்தான் ஆபீஸுக்கு உயிர் வரும்.

அவருக்கு அப்போது ஐம்பது வயதுக்குள் இருக்கும். வெள்ளை அரைக்கைச் சட்டை, கையில் எப்போதும் கட்டம் போட்ட கைக்குட்டை. பாஸ்வேர்டு அடிக்கும்போது அந்தக் கைக்குட்டையைக் கீபோர்டு மேல் விரித்து, அடியில் விரலை விட்டு அடிப்பார். ஒருநாள் நான் பரண்மேல் படுத்து ஒயர் இழுத்துக்கொண்டிருந்தேன். கீழே அறையில் அவரைத் தவிர ஒருத்தரும் இல்லை. அப்போதும் கைக்குட்டையை விரித்துக்கொண்டுதான் அடித்தார்.

உங்களுக்கு இப்போது மெயில் என்றால் உள்ளங்கையில் இருக்கிறது. அன்றைக்கு ஆபீஸ் முழுக்க ஒரே ஒரு மெயில் பெட்டி, அது அவர் மெஷினில். பகல் பதினொன்றுக்கும் சாயந்திரம் நான்குக்கும் போன் லைனில் சென்னைக்கு டயல் போடுவார். எல்லோருடைய மெயிலும் மொத்தமாக இறங்கும். கூடவே மழை, மார்க்கெட் விலை என்று செய்திகளும் நான்கைந்து வரும். எல்லாம் கரகரவென்று பிரிண்டரில் அடித்து வரும். அதை அவர் முதலில் உட்கார்ந்து படிப்பார். அப்புறம் கொடுப்பார். கொடுக்கும்போதும் சும்மா கொடுக்க மாட்டார்.

"பொன்னி, உன் தம்பிக்கு ஆம்பளப் புள்ள. சுகப் பிரசவம்" என்று டைப்பிஸ்ட் பொன்னி அக்காவிடம் ஒருநாள் காகிதத்தை நீட்டினார். அக்காவின் தம்பி சிங்கப்பூரில் இருந்தான்.

"சார், அதையாச்சும் நானே படிச்சித் தெரிஞ்சிக்கினு இருப்பேனே."

"இதுல இன்னா இருக்குது? எல்லாம் என் கை வழியா வரட்டும். அப்பத்தான் ஒழுங்கா இருக்கும்."

அக்கா வெளியே வந்து என்னிடம் சொன்னாள்: "யமன் மெயிலு போட்டாக்கூட இந்தாளுதான் முதல்ல படிப்பாரு."

ஒருமுறை அவருக்குக் கடும் காய்ச்சல். வரவில்லை. மூடியும் வரவில்லை. மேனேஜர் என்னை சைக்கிளில் அனுப்பினார். ரயில்வே காலனிக்குப் பின்னால் அவர் வீடு. கம்பளிக்குள் முடங்கிக் கிடந்தார்.

"சார், அந்த மூடிய மட்டும் குடுங்க. ஜல்தியா மாட்டிட்டு சாயந்திரம் கொண்டாந்து குடுத்துடுறேன்."

"உங்கிட்ட குடுத்தா நீ மாட்டுவே. அப்புறம் நாளைக்கும் நீயே மாட்டுவே" என்றார்.

தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, என் சைக்கிள் கேரியரில் ஏறி உட்கார்ந்து ஆபீஸுக்கு வந்தார். மூடியை முறுக்கினார். நான்கு மணி வரை நடுங்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். கழற்றி எடுத்துக்கொண்டு மறுபடியும் என் கேரியரில் ஏறினார். அன்றைக்கு எனக்கு அவர் மேல் பாவமாகக்கூட இருந்தது. அந்தப் பாவத்தை இப்போது நான் திருப்பி வாங்கிக்கொள்கிறேன்.

ஒரு சித்திரை மாதம். திண்டிவனம் குடோன் வாசலில் விதை மல்லாட்டையைக் காயவைத்திருந்தார்கள். பதினொரு மணிச் செய்தியில், சாயந்திரம் கனமழை என்று வந்துவிட்டது. மேனேஜர் வெளியே போயிருந்தார். சிஸ்டம் சார் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"திண்டிவனத்துக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிடலாமே சார்" என்றாள் பொன்னி அக்கா.

"மேனேஜர் வரட்டும். நான் அவருகிட்ட சொல்றேன், அவரு அங்க சொல்லட்டும்."

மேனேஜர் வந்தபோது மணி நாலரை. அதற்குள் திண்டிவனத்தில் கொட்டித் தீர்த்துவிட்டது. விதை முழுக்க நனைந்து, மூன்றாம் நாள் மூட்டைக்குள்ளேயே முளைத்துக்கொண்டது. ஏன் முன்கூட்டியே சொல்லவில்லை என்று மேனேஜர் கத்தினார். சிஸ்டம் சார் பதற்றமே இல்லாமல் என்னைக் காட்டினார். "காலைல லைனே இல்லீங்க சார். இவன் இழுத்த ஒயர்ல எங்கியோ லூசு." பொன்னி அக்கா டைப்ரைட்டரைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். அவளும் அங்கே பிழைக்கவேண்டும், அவளை நான் குற்றம் சொல்லவில்லை. ஒரு வாரம் வேலைக்கு வராதே என்று என்னை அனுப்பிவிட்டார்கள்.

அதைக்கூட நான் மறந்திருப்பேன்.

அதற்குப் பிறகு திண்டிவனத்திலும் மெயில் வைக்கச் சொல்லி சென்னையிலிருந்து உத்தரவு. சிஸ்டம் சார் போகமாட்டார். போனால் அந்த நேரத்தில் விழுப்புரத்தில் வருகிற மெயிலை வேறு யாராவது தொட்டுவிடுவார்கள். அதனால் ஒரு சீட்டில் வரிசையாக எழுதிக் கொடுத்து என்னை அனுப்பினார். சீட்டில் பாதி தப்பு. நான் இரண்டு நாள் அங்கேயே கிடந்து, மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து லைனை எடுத்தேன். டயல் போட்டதும் அந்த மோடம் கீச்சென்று கத்தி, கரகரத்து, அடங்கி, அந்தப் பக்கம் பதில் சொன்ன சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. திண்டிவனம் ஓகே என்று இங்கிலீஷில் இரண்டு வார்த்தை அடித்து அனுப்பினேன். சென்னை கம்ப்யூட்டர் செக்ஷன் அதிகாரியே போன் செய்தார்.

"யாருப்பா இதைப் பண்ணது?"

"நான்தாங்க சார். ஒயர்மேன்."

"ஒயர்மேனா? பேரைச் சொல்லு" என்று கேட்டு எழுதிக்கொண்டார்.

அந்த ஒரு போனை வைத்துக்கொண்டு நானும் உங்கள் அம்மாவும் என்னென்னவோ பேசிக்கொண்டோம். செல்வி, நீ அப்போது அம்மா வயிற்றில் ஐந்து மாதம். அந்தச் சந்தோஷத்தை சிஸ்டம் சாரிடம்கூடச் சொல்லி மிட்டாய் கொடுத்தேன். ஒரு மாதம் பார்த்துவிட்டு, "சார், சென்னையிலருந்து எனக்கு எதனா வந்துக்குதா?" என்று கேட்டேன்.

"உனக்கு இன்னாத்துக்குடா வரப்போவுது? கலெக்டர் வேலையா?" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஒரு வருஷத்துக்கு மேல் கழித்து ஆபீஸின் பழைய தாள் அறையில் கரையான் புகுந்துவிட்டது. கட்டுகளைப் பிரித்து உதறி அடுக்கும் வேலை எனக்கு வந்தது. அவர் ஏற்பாட்டில் வருகிற மெயில், போகிற மெயில் எல்லாமே இரட்டைத் தாளில் அடிக்கும். மேல் தாள் அவரவருக்கு. நடுவில் கார்பன். அடித்தாளை வாரம் ஒருமுறை நான்தான் மடித்துக் கட்டி வைப்பேன், படித்ததில்லை. அன்றைக்குக் கட்டைப் பிரித்து உதறும்போது ஒரு தாளில் என் பெயர் கண்ணில் பட்டது.

எழுத்துக் கூட்டிப் படித்தேன். திண்டிவனத்தில் மெயில் அமைத்தவரை சென்னையில் மூன்று மாதப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்கிறோம், முடிந்ததும் கம்ப்யூட்டர் செக்ஷனில் நிரந்தர வேலை, விருப்பமா என்று ஒரு வாரத்தில் பதில் எழுதவும். அதற்கு அடுத்த தாளே பதில். என் பெயரில். மனைவி கர்ப்பமாக இருப்பதால் எனக்கு வர விருப்பமில்லை.

செல்வி, அந்தப் பொய்யில் உன்னையும் சேர்த்துத்தான் எழுதியிருந்தார்.

மேல் தாள் இரண்டையும் கிழித்துப் போட்டவர் அடித்தாளை மறந்துவிட்டார். எல்லாவற்றுக்கும் தன்னிடம் ஒரு நகல் வேண்டும் என்று அவரே வைத்த வழக்கம்தான் அவரைக் காட்டிக்கொடுத்தது.

சென்னைக்குப் போன் செய்தேன். அந்த இடத்துக்கு எப்போதோ வேறு ஆள் வந்துவிட்டான். மேனேஜரிடம் தாளைக் காட்டினேன். அவர் இரண்டுமுறை படித்தார்.

"அநியாயம்தான்ப்பா. ஆனா இவரைக் கேக்கப்போனா நாளைக்கே லீவு போட்டுட்டுப் போயிடுவாரு. அப்புறம் மெயிலை யாரு எடுக்கிறது?"

வீட்டுக்கு வந்து உங்கள் அம்மாவிடம் சொன்னேன். அவள் தாளை வாங்கிக் கடைசிவரை படித்தாள். பிறகு, "யாரு எடுக்கிறதுன்னுதானே கேட்டாரு? நீ எடு" என்றாள்.

அதைக் கற்றுக்கொள்ள ஆறு மாதம் ஆனது. சென்னைக்குத் தபாலில் எழுதிக் கேட்டு இங்கிலீஷ் புத்தகம் ஒன்று வரவழைத்தேன். அம்மா பிளஸ் டூ. உன்னை மடியில் போட்டுக்கொண்டு டிக்ஷனரி பார்த்து வார்த்தைக்கு வார்த்தை அர்த்தம் சொல்லுவாள். வாரம் ஒருமுறை திண்டிவனம் போகும்போது அங்கே உள்ள மெஷினில் செய்து பார்ப்பேன். ஆளுக்கு ஒரு மெயில் பெட்டி வைக்கிற புது புரோகிராம் சென்னையிலிருந்து எப்போதோ வந்து, நம்ம ஊருக்கு ஒத்துவராது என்று சிஸ்டம் சார் அதைப் பீரோவில் பூட்டிவைத்திருந்தார். இன்னொரு செட் பிளாப்பியை பஸ் பார்சலில் வாங்கினேன். கோபம் இருந்தால் படிப்பு ஏறுகிறது, பிள்ளைகளே. இதை உங்களுக்குச் சொல்லக்கூடாதுதான், ஆனால் உண்மை.

பிறகு ஒருநாள் மேனேஜர், அந்த மூடியை ஆபீஸிலேயே விட்டுவிட்டுப் போகலாமே என்று அவரிடம் கேட்டுவிட்டார். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுநாளிலிருந்து மூன்று நாள் லீவு. மூடியும் பாஸ்வேர்டும் அவரோடு போய்விட்டன. நான் பாண்டிச்சேரிக்கு பஸ் ஏறி, அதே மாதிரி மூடி ஒன்று வாங்கிவந்து முறுக்கினேன். அவர் மெஷினைத் தொடவே இல்லை. மோடத்தைப் பக்கத்து மெஷினுக்கு மாற்றி, புது புரோகிராமைப் போட்டேன். மறுநாள் மத்தியானத்துக்குள் எல்லோருக்கும் தனித்தனிப் பெட்டி, தனித்தனி பாஸ்வேர்டு.

நான்காம் நாள் காலையில் கண்ணாடிக் கூட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். நாம் இல்லாமல் எல்லாம் நின்று கிடக்கும் என்ற நடை. நேராகக் கடைசிக் கம்ப்யூட்டருக்குப் போய்க் குனிந்தார். அங்கே ஏற்கெனவே ஒரு மூடி இருந்தது. குனிந்தபடியே ரொம்ப நேரம் நின்றார்.

"சார், மெயிலு வந்துடுச்சி. நானே படிச்சிட்டேன்" என்றாள் பொன்னி அக்கா, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

அன்று மத்தியானம் சாப்பிட்ட சாப்பாடு மாதிரி அதற்குப் பிறகு நான் சாப்பிட்டதில்லை.

இரண்டு மாதத்தில் அவரைத் திண்டிவனம் குடோனுக்கு மூட்டை எண்ண மாற்றிவிட்டார்கள். மெயில் மெஷின் என்னிடம் வந்தது. இதோடு நிறுத்தினால் நான் உங்களுக்கு நல்ல அப்பாவாகத் தெரிவேன். நிறுத்தக்கூடாது.

திண்டிவனத்துக்கு வருகிற மெயில் மட்டும் அப்போதும் விழுப்புரத்தில் இறங்கி, நான் அனுப்பினால்தான் அங்கே போகும். அவருடைய ஒரே மகன் கப்பலில் வேலை செய்தான். வீட்டில் போன் கிடையாது. துறைமுகத்தில் இறங்கும்போதெல்லாம் ஆபீஸ் முகவரிக்கு மெயில் போடுவான். ஒருநாள் அவன் மெயில் வந்தது. அனுப்பப் போன கையை எடுத்துக்கொண்டேன்.

பதினொன்றரைக்கு அவர் போன் செய்தார். "தம்பி, எனக்கு எதனா வந்துக்குதா?"

"இல்லீங்க சார்."

தினமும் அதே நேரம், அதே கேள்வி, அதே பதில். முதலில் என்னை டா போட்டவர் இப்போது தம்பி என்றார். எனக்கு அது இனித்தது. மெயிலை நான் படித்தேன், அவர் படித்த மாதிரியே. வயிற்று வலி என்று ஏதோ ஒரு தேசத்து ஆஸ்பத்திரியில் மகனைச் சேர்த்திருந்தார்கள், ஆபரேஷன் செய்யப்போகிறார்கள். ஒரு வாரம் கழித்து இரண்டாவது வந்தது: ஆபரேஷன் முடிந்துவிட்டது, நன்றாக இருக்கிறேன். மூன்றாவது: அப்பா, ஏன் பதில் இல்லை, என்மேல் கோபமா, ஒரு வரியாவது போடுங்கள். மூன்றையும் வைத்துக்கொண்டேன். அவருக்குச் சந்தேகம் வந்திருக்கும், அவர் செய்யாத வேலையா? ஆனால் யாரிடம் போய்ச் சொல்லுவார்? போனில் அவர் குரல் நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே வந்தது.

பத்தொன்பதாம் நாள் போன் வரவில்லை. அவரே வந்தார், மனைவியோடு. அந்த அம்மா முந்தின நாள் அமாவாசைக்கு மேல்மலையனூர் போய் வந்திருந்தார். என் மேஜையில் குங்குமப் பொட்டலத்தைப் பிரித்து வைத்தார்.

"அங்காளம்மன் குங்குமம், எடுத்துக்க தம்பி. புள்ளகிட்டருந்து எதனா வந்துக்குதான்னு நல்லாப் பாத்துச் சொல்லு. இவரு சோறே துண்றதில்ல."

அந்த அம்மாவை நான் என் கணக்கில் சேர்க்கவே இல்லை. எழுந்து போய் மூன்றையும் பிரிண்டரில் அடித்துக் கொண்டுவந்து சிஸ்டம் சாரிடம் கொடுத்தேன். அவர் படித்தார். மேலே இருந்த தேதிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இன்னா சொல்றான்?" என்றார் அந்த அம்மா.

"நல்லா இருக்கான். வவுத்துல சின்ன ஆப்பரேசனாம், ஆயிடுச்சாம்."

"இவ்ளோ நாளு ஏன் வரல?"

அவர் என்னைப் பார்த்தார். "மெஷினு ரிப்பேரு. தம்பிதான் இப்பச் சரிபண்ணிச்சி."

அந்த அம்மா அழுதுகொண்டே என்னைப் பார்த்துக் கும்பிட்டார். "உம் புள்ளகுட்டி நல்லா இருக்கணும்பா." முகம் கழுவிக்கொண்டு வரச் சொல்லி மனைவியை அனுப்பிவிட்டு, சிஸ்டம் சார் குரலைத் தாழ்த்தினார்.

"படிச்சியா?"

"படிச்சேன்."

டிராயரைத் திறந்து, என் பெயரில் போன அந்தப் பதிலின் கார்பன் நகலை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். கண்ணாடி போடாமலே அது என்ன என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"நீ போய்க் கத்துக்கினு வந்தா, அப்புறம் என்னை யாரு கேப்பா?" என்றார். மன்னிப்பு மாதிரி இல்லை. கணக்கு வாத்தியார் விடை சொல்வது மாதிரி சொன்னார்.

"அதுக்கு என் பொண்டாட்டி வவுத்துல இருந்த புள்ளையவா எழுதுவீங்க?"

தாளை என் பக்கமே நகர்த்தினார். "அவனுக்குப் பதில் போடணும். ஒரு மெஷின் குடு" என்றார்.

"நீங்க சொல்லுங்க. நான் அடிக்கிறேன்" என்றேன்.

பொன்னி அக்கா அடிப்பதை நிறுத்திவிட்டாள். அவர் என் மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் கழுவி வந்த அந்த அம்மாவோடு சேர்த்து மூன்று பேர் கேட்க, தன் மகனுக்கு எழுதவேண்டியதை வாய்விட்டுச் சொன்னார். அப்பாவுக்குக் கோபம் இல்லை. மெயில் பார்க்க நாளாகிவிட்டது. தையல் போட்ட இடம் வலிக்கிறதா. பாதியில் நிறுத்தினார். நான் விரலை எடுக்காமல் காத்திருந்தேன். மறுபடி சொன்னார். ஒரு எழுத்து மாற்றாமல் அடித்தேன்.

"நான் சொன்னதத்தானே அடிச்சே?"

"படிச்சிப் பாத்துக்கங்க" என்று திரையை அவர் பக்கம் திருப்பினேன். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார்.

அந்த அம்மாவை நினைத்து நான் இன்றும் வெட்கப்படுகிறேன். அவரை நினைத்து இல்லை. மன்னிக்கவும் இல்லை. அவருக்குச் சேரவேண்டிய மெயிலைக் கடைசியில் கொடுத்துவிட்டேன், எனக்குச் சேரவேண்டியது எனக்கு வரவில்லை. பஸ் ஸ்டாண்டில் மறுபடி பார்த்தாலும் திரும்பிக்கொள்வேன்.

அவர்கள் போனதும் சாப்பாட்டு நேரம். எல்லோரும் எழுந்து போய்விட்டார்கள், நான் மட்டும் இருந்தேன். கார்பன் நகலில் இருந்த சென்னை முகவரியைப் பார்த்து அடித்தேன். அந்த அதிகாரி அங்கே இருக்கிறாரா, மாறிவிட்டாரா, ஒன்றும் தெரியாது. என் பெயரைப் போட்டு, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் ஒரே வரி எழுதினேன்: ஐயா, எனக்கு அப்போதும் விருப்பம் இருந்தது. டிக்ஷனரி பார்க்கவில்லை. நான்கு மணி லைனுக்குக் காத்திருக்காமல் நானே டயல் போட்டு அனுப்பினேன்.